சம்பள உயர்வா? தேதியைக் கேளுங்கள்!
துறைமுகத் தொழிலாளர் கற்றுத் தந்த பாடம்

“தீபாவளி முடியட்டும்டே, பாப்போம்.”

தீபாவளி முடிந்தது. பொங்கலும் போனது. சித்திரையும் பிறந்துவிட்டது. சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது!

தூத்துக்குடி கடைவீதியில் வேலை பார்க்கும் கணக்கப்பிள்ளை முதல், லாரி ஆபீஸ் கிளார்க் வரை இந்தப் பதிலைக் கேட்காதவர் குறைவு. “தர மாட்டேன்” என்று முதலாளி சொல்லிவிட்டால் வேறு வேலை பார்க்கலாம். “தருகிறேன்” என்று சொல்லி இழுத்தடித்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு இதே ஊரில் விடை இருக்கிறது.

2 வருஷம் 8 மாதம்!

தூத்துக்குடி துறைமுகம் 1974-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது. மற்ற பெரிய துறைமுகங்களில் வேலை செய்கிறவர்களைப் போலவே இங்குள்ள தொழிலாளருக்கும் 5 ஆண்டுக்கு ஒரு முறை சம்பள ஒப்பந்தம் போடுவது வழக்கம்.

ஒரு ஒப்பந்தம் 2021 டிசம்பர் 31-ந்தேதியோடு முடிந்தது. அடுத்த ஒப்பந்தம் பற்றிப் பேச அதற்கு முன்பே, 2021 மார்ச் மாதத்தில், இரு தரப்புக் கமிட்டி அமைக்கப்பட்டது. தொழிலாளர்கள் கோரிக்கைப் பட்டியலையும் கொடுத்தார்கள்.

பேச்சுவார்த்தை நடந்தது. நடந்துகொண்டே இருந்தது! 2022 போனது, 2023-ம் போனது. சம்பளம் உயரவில்லை.

2024 ஆகஸ்டு மாதம் துறைமுகத் தொழிற்சங்க சம்மேளனங்களின் தலைவர்கள் தூத்துக்குடியில் கூடினார்கள். ஆகஸ்டு 28-ந்தேதி முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று முடிவு எடுத்தார்கள்.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று யாரும் வேலையைப் போட்டுவிட்டுப் போகவில்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்தார்கள். துறைமுகம் பொதுமக்களுக்கு அவசியமான சேவை என்பதால் 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம்.

வேலைநிறுத்தத்துக்கு முந்தைய நாள், ஆகஸ்டு 27-ந்தேதி, டெல்லியில் உடன்பாடு கையெழுத்தானது! வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது.

அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் சேர்த்து, அதன்மேல் 8.5 சதவீத உயர்வு. சுமார் 20 ஆயிரம் துறைமுகத் தொழிலாளருக்கு இதனால் பலன்.

முக்கியமான வரி

அந்த உடன்பாட்டில் சதவீதத்தைவிட முக்கியமான வரி ஒன்று உண்டு.

“1.1.2022 முதல் அமல்.”

கையெழுத்துப் போட 2 வருஷம் 8 மாதம் தாமதம். ஆனால் உயர்வைக் கணக்கிடும் தேதி பின்னால் நகரவில்லை. இழுத்தடித்த காலமும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அதற்கு முந்தைய ஒப்பந்தமும் இப்படித்தான். 2018 ஆகஸ்டு 30-ந்தேதி கையெழுத்தானது. 10.6 சதவீத உயர்வு. அமல் தேதி 1.1.2017.

“எவ்வளவு?” என்பது பாதிக் கேள்விதான். “எந்தத் தேதி முதல்?” என்பது மீதிப் பாதி. பலரும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

முத்துக்குளித்தவர்கள் கணக்கு

இந்தக் கடற்கரையில் பழைய முத்துக்குளிப்பிலும் அப்படி ஒரு கறார் இருந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, மிச்சம் சர்க்காருக்கு. கடலில் இறங்கும் முன்பே பங்கு இன்னதென்று தெரியும். கரைக்கு வந்ததும் சிப்பியைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். “அடுத்த சீசனில் பார்க்கலாம்” என்ற பேச்சே இல்லை.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அந்த முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

9 நாளில் பணிந்த கோரல் மில்

1908-ல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர் நடத்திய போராட்டம் ஊரறிந்த கதை. வெள்ளைக்காரர்களான ஹார்வி கம்பெனியின் மில் அது. கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறையும் கிடையாது.

பிப்ரவரி 27-ந்தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். ஊரே பின்னால் நின்றது. தொழிலாளரை எதிர்த்த ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்துவிட்டார் என்று இன்றும் சொல்வார்கள்!

9 நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை எல்லாம் கிடைத்தன. ஆனால் மார்ச் 12-ந்தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள்.

அப்போது தொழிற்சங்கச் சட்டமே கிடையாது. அது 1926-ல்தான் வந்தது. கேட்டது இன்னது என்பதில் தெளிவும், கேட்டவர்களிடம் ஒற்றுமையும் இருந்தன.

சங்கம் இல்லாதவர் என்ன செய்வது?

நாலு பேர் வேலை பார்க்கும் கடையில் சம்மேளனமும் இல்லை, நோட்டீசும் இல்லை. ஆனாலும் அதே வழி உதவும்.

முதலில், நேரம் பார்த்துப் பேச வேண்டும். வாடிக்கையாளர் நிற்கும்போது கேட்டால் முதலாளிக்குக் கோபம்தான் வரும். கணக்கு முடித்த பிறகு, “அண்ணாச்சி, தை மாசம் கூட்டித் தாரேன்னு சொன்னீங்க. எந்தத் தேதியிலே இருந்துன்னு சொல்லிட்டா நல்லாருக்கும்” என்று கேட்கலாம்.

“வியாபாரம் டல்” என்றால் சண்டை வேண்டாம். “அப்போ பாதி இப்போ, மீதி ஆடிக்குத் தாங்க” என்று கேட்கலாம். எந்தப் பதில் வந்தாலும் அதில் ஒரு தேதி இருக்க வேண்டும்.

பேசி முடித்ததை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. வாயால் சொன்ன வாக்கு ஆளுக்கு ஆள் மாறும். எழுத்தில் ஒப்புக்கொண்ட சம்பளத்தைப் பாக்கி என்று கேட்க முடியும்.

கூட வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து கேட்டால் பலம் அதிகம்.

கையில் வேறு வேலை இல்லாமல், “நாளையிலே இருந்து வர மாட்டேன்” என்று மிரட்டுவது மட்டும் கூடாது. “சரி, போ” என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது!

சலுகை அல்ல, சட்டம்

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடை, உப்பளம் போன்ற தொழில்களுக்குத் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. அதில் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ந்தேதி மாறும்.

வாங்கும் சம்பளம் அதற்கும் கீழே இருந்தால், முதலாளி மனசு வைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

துறைமுகத்தில் இப்போதைய ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 31 வரை. அந்தத் தேதி தொழிலாளிக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும்.

கடைவீதியில் வேலை பார்ப்பவருக்கும் அப்படி ஒரு தேதி வேண்டும். அது கைக்கு வரும் வரை, “பாப்போம்” என்பதை சம்பள உயர்வு என்று நம்பிச் சீட்டுக் கட்டக் கூடாது!