நாடி தீண்டிய நரம்பு

முகங் கழுவுதல், பல் விளக்குதல், ஒரு கவளம் மெல்லுதல், ஒரு சொல் உரைத்தல் ஆகிய இவையெல்லாம் நாம் எண்ணாது செய்யுந் தொழில்கள். இவற்றுள் ஒன்றைச் செய்தவுடன் ஒருபக்கக் கன்னத்தில் மின்னல் பாய்ந்தாற்போல வேதனை எழுந்து, சில கணத்தில் மறைந்து, மீண்டும் மீண்டும் எழுமாயின், ஒருவர் உண்ணவும் பேசவும் அஞ்சுவர். என்னோடு தமிழ் கற்பித்த நண்பரொருவர் இந்நோயால் வாய் திறக்க அஞ்சிக் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினார். பல்லின் குற்றமெனக் கருதி மூன்று பற்களைக் களைந்தும் பயனில்லை. பின்னர் காபமசெப்பீன் என்னும் மருந்தே அவர்க்குச் சொல்லை மீட்டுத் தந்தது. மருந்துக்கு அடங்காதார்க்கே சத்திரசிகிச்சை.

1756 இல் பிரெஞ்சு வைத்தியர் நிக்கொலா அந்திரே இந்நோயை விவரித்து, முகஞ் சுளிக்குந் தோற்றம்பற்றிப் பெயருமிட்டார். முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாம் மண்டை நரம்பு, மூன்றாகக் கிளைத்தலின் முக்கிளை நரம்பு எனப்படும். வேதனை அதன்வழி வருதலால் முன்னைச் சத்திரவைத்தியர் அந்நரம்பையே வெட்டினர். நோவு நின்றது, கன்னத்தின் உணர்ச்சியும் உடன் அற்றது. சிலர்க்கு விழியும் உணர்விழந்து புண்பட்டது. தூதனைக் கொல்லலாகாதென இராவணனுக்கு வீடணன் உரைத்த நீதி இங்கே என் நினைவுக்கு வருகின்றது.

அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் வோல்ற்றர் டான்டி 1930களில் மண்டையின் பின்புறமாகத் திறந்து பார்த்தபோது, நரம்பு மூளைத்தண்டைச் சேருமிடத்தில் ஒரு நாடி அதனை அழுத்திக் கிடத்தலைப் பலரிடத்துங் கண்டு எழுதினார். கண்டும் அவர் நரம்பை வெட்டுதலை விட்டாரல்லர்! நுணுக்குக்காட்டி சத்திரசிகிச்சைக் கூடத்துட் புகுந்தபின், 1966 இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பீற்றர் ஜனெற்றா என்னும் இளைஞர், துடிக்கும் நாடி உராய்ந்து நரம்பின் உறையைத் தேய்த்தலே நோய்க்கு ஏதுவெனத் துணிந்தார். நரம்பை வெட்டாது, நாடியை விலக்கி, இடையே மெத்தைபோற் சிறிது பஞ்சு வைத்தல் அவர் முறை. செவியின் பின்னே காசளவான துளை போதும். இக்காலத்தில் ரெஃப்லோன் பஞ்சு இடுவர்.

மூத்த வைத்தியர் பலர் நெடுங்காலம் நம்பினாரல்லர். அவரோ பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து ஆயிரக்கணக்கானோர்க்கு இச்சிகிச்சையைச் செய்தார். 1185 நோயாளரை ஆராய்ந்த கட்டுரை 1996 இல் வெளிவந்தது. பத்தாண்டு கழிந்தும் நூற்றுக்கு 70 பேர் நலமுற்றிருந்தனர் என்பது அதன் முடிவு. செவிநரம்பு அண்மையில் இருத்தலின் அப்பக்கத்துக் கேள்வி சிலர்க்குக் கெடுதலுமுண்டு. அதனை முன்னரே கேட்டறிந்து உடன்பட்ட பின்னரே நோயாளர் மேசையேறுவர்.