வீடியோப் படமும் துணைக் கருவிகளும்

கிராம சபை கூடும் நாளில், கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுக்கும் இளைஞர் ஒருவரையேனும் காணாத ஊராட்சி இன்று அரிது. தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. இவையன்றி, செயல்விளக்கத் திடல்களில் நடைபெறுவனவற்றையும் வீடியோவாக எடுத்து வைக்கும் வழக்கம் பரவி வருகிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், அவ்வாறு எடுத்தவற்றைப் பின்னர் போட்டுப் பார்க்குங்கால் முகம் தெரிகிறது, பேச்சு விளங்குவதில்லை. இக்குறை எதனால் நேர்கிறது, எந்தத் துணைக் கருவியால் இது நீங்கும் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

எங்கள் அனுபவத்தையே முதலிற் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் ஒன்றியத்துக் கண்மாய் ஒன்றின் கரையில் முதிய நீர்க்கட்டி ஒருவரை நிறுத்தி, எந்த மடையை எப்போது திறப்பது, தண்ணீர் குறைந்த காலத்தில் எந்தப் பற்றுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பனவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்து படமெடுத்தோம். காமிரா உயர்ந்த வகை. அவர் 14 நிமிடம் பேசினார். அலுவலகத்திற்குத் திரும்பிக் கேட்டபோது, காற்றின் இரைச்சலன்றி வேறொன்றும் செவியில் விழவில்லை. மீண்டும் சென்று எடுத்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினோம். அடுத்த மழைக்காலத்திற்கு முன்னரே அவர் காலமானார். அவர் கைநீட்டிக் காட்டும் மடைகள் படத்தில் தெளிவாக உள்ளன. அவர் சொன்ன முறை மட்டும் எங்களிடம் இல்லை. சில நூறு ரூபாய் விலையுள்ள மைக் ஒன்று அன்று எங்களிடம் இருந்ததில்லை.

ஆகவே, ஊராட்சியோ உழவர் குழுவோ பணம் செலவிடக் கருதினால், முதற்செலவு மைக்கிற்கே ஆகட்டும். புதிய காமிரா பிறகு வரலாம். காரணம் எளியது. திறந்த வெளியில், தூரம் இருமடங்கானால் வந்து சேரும் ஒலியின் ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. பத்தடி தொலைவில் நிற்கும் கைப்பேசி, பேசுபவரின் குரலைவிட அருகிலுள்ள பம்புசெட்டின் ஓசையையே அதிகம் வாங்கும். சட்டையிற் செருகும் சிறு மைக்கை, மோவாய்க்கு ஒரு சாண் கீழே, துணி உராயாதவாறு பொருத்தினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். வயல்வெளியில் அதன்மேல் பஞ்சு உறையோ, மென்மயிர் உறையோ அவசியம் போட வேண்டும். எங்கள் 14 நிமிடத்தை விழுங்கியது இவ்வுறை இல்லாமையே.

மைக் வாங்கும்போது அதன் செருகியைக் கவனிக்க வேண்டும். கைப்பேசிக்கு உரிய செருகியில் 3 வளையங்களும், காமிராவிற்கு உரியதில் 2 வளையங்களும் இருக்கும். மாற்றி வாங்கினால் ஒலி பதிவாகாது போகலாம். புதிய கைப்பேசிகள் பலவற்றில் இவ்வட்டத் துளையே கிடையாது. அவற்றிற்கு டைப்-சி செருகி கொண்ட மைக்கோ இணைப்பானோ தேவை. கம்பியில்லா மைக் சௌகரியமானதுதான். ஆனால் அனுப்பும் கருவிக்கும் வாங்கும் கருவிக்கும் இடையே ஆட்கள் வந்து நின்றால் ஒலி அறுபடக்கூடும். செலவு செய்ய இயலாதோர்க்கு ஓர் உபாயம் உண்டு. மைக்கை இரண்டாவது கைப்பேசியில் இணைத்து, பேசுபவரின் சட்டைப்பையில் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்யலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், பிற்பாடு படத்தையும் ஒலியையும் அவ்வோசையைக் கொண்டு பொருத்திவிடலாம்.

கிராம சபைக்கு இம்முறை போதாது. அங்கே கேள்வி கேட்பவர் பலர். அவர்களில் பெண்கள் பெரும்பாலும் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். விடை கூறுபவர் முன்மேசையில் இருக்கிறார். விடை மட்டும் பதிவாகிக் கேள்வி பதிவாகாத வீடியோக்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். கேட்பவர் கைக்கே மைக் சென்று சேர வேண்டும். அதைக் கொண்டு கொடுப்பதற்கென ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுவது நன்று.

அடுத்து ட்ரைபாட். கையில் பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் எடுப்பது எவர்க்கும் இயலாது. மிக இலேசானதை வாங்கினால் வரப்பில் நிற்காது. இருப்பதே இலேசானதாயின், நடுத்தண்டில் மண் நிரப்பிய பையொன்றைத் தொங்கவிடுக. சரிவில் ஒரு காலைப் பள்ளத்துப் பக்கம் நீட்டி வைக்க வேண்டும். நடந்துகொண்டே படமெடுக்க உதவும் கிம்பல் என்னும் மோட்டார்ப் பிடியைச் சிலர் ஆசையுடன் கேட்கிறார்கள். கூட்டத்திற்கும் செயல்விளக்கத்திற்கும் அது தேவையில்லை என்பது எமது கருத்து.

விளக்கைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. பகலில் கதிரவன் படமெடுப்பவரின் பின்புறமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். உச்சிவெயிலில் தலைப்பாகையின் நிழல் முகத்தை மறைக்குமாயின், வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றைக் கீழிருந்து சாய்த்துப் பிடித்தால் போதும். இரவில் சமுதாயக் கூடத்தில் எடுத்த படத்தில் கோடுகள் ஓடுவது காமிராவின் பழுதன்று. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் வேகத்தை 50-ல் ஒரு நொடி அல்லது 100-ல் ஒரு நொடி என அமைத்தால் கோடுகள் மறையும்.

மெமரி கார்டில் வி30 என்னும் குறியிருப்பின், நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். சாதாரண 1080 அளவில் ஒரு மணி நேரப் படத்திற்கு ஏறத்தாழ 4 முதல் 8 ஜிகாபைட் இடம் வேண்டும். கூட்டம் நீளும் என்பதை எண்ணிப் பவர் பேங்க் ஒன்றையும் உடன் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் அழைப்புகள் குறுக்கிடாதவாறு விமான நிலையில் வைக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் தோன்றிய டிஜிட்டல் கிரீன் திட்டம், உள்ளூர் உழவர்களையே பேசச் செய்து எடுத்த படங்களை அவ்வட்டார உழவர்க்குக் காட்டிற்று. தம்மைப் போன்ற ஒருவர் தமக்குப் பழகிய பேச்சில் சொல்லும்போது உழவர் செவி கொடுக்கிறார். நமது ஊர்களிலும் அவ்வாறு பேசத் தக்கவர் உளர். அவர் பேசத் தொடங்குமுன் ஒரு நிமிடம் பதிவு செய்து, காதொலிப்பானில் கேட்டுப் பார்க்க வேண்டும். முடிந்த பின்னரும், இடத்தைவிட்டு அகலாது அங்கேயே ஒருமுறை கேட்க வேண்டும். குறையிருப்பின், மறுபடியும் ஒருமுறை சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொள்ள அவர் அப்போது எதிரிலேயே இருப்பார்.