அழிக்கக் கூடாத திகதி

“போன முறை எழுதிக்கொண்டு போன குளத்து வேலை என்ன மாதிரி?”

இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய கமக்காரர் இப்படிக் கேட்கும்போது, அபிவிருத்திப் பணியாளர் கோவையைப் புரட்டுகிறார். அங்கே கடைசியாகத் திருத்திய திகதி இருக்கிறது. முதலில் வாக்களித்த திகதி அழிந்து போயிருக்கிறது. வேலைத்திட்டங்களுக்கான தரவுத்தளம் ஒன்றை அமைப்போர் முதலில் தீர்க்க வேண்டிய குறை இதுவே.

தரவுத்தளம் என்றதும் கணனிக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. இலக்கங்களால் ஒன்றோடொன்று தொடர்புபட்ட சில அட்டவணைகளே அது. இந்த ஒழுங்குமுறையை 1970இல், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கார் கொட் முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்த விதி எளியது: ஒரு விடயத்தை ஓரிடத்தில் மட்டும் எழுத வேண்டும், வேறிடத்தில் தேவைப்பட்டால் அதன் இலக்கத்தைக் குறித்தாற் போதும். ஒரே குளத்தின் பெயரை மூன்று ஏடுகளில் மூன்று விதமாக எழுதினால் கணனி அதை மூன்று குளங்களாகவே எண்ணும்.

சிறு குளமொன்றின் புனரமைப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று அட்டவணைகள் போதும்.

முதலாவது, செயற்றிட்டம். அதன் இலக்கம், குளத்தின் பெயர், கிராமம், ஒதுக்கிய பணம் ஆகியன இதில் வரும்.

இரண்டாவது, வேலைகள். பற்றை வெட்டுதல், துருசு திருத்துதல், கட்டுக்கு மண் போடுதல் என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. பொறுப்பாளர், தொடங்கும் திகதி, முடிக்கும் திகதி ஆகியவற்றோடு, அதற்கு முன் முடிய வேண்டிய வேலை எது என்பதையும் எழுத வேண்டும். மண் போட்ட பின் துருசைத் திருத்தப் போனால், போட்ட மண்ணையே வெட்ட நேரிடும்.

மூன்றாவது, முன்னேற்றம். வேலையைப் பார்வையிடும் ஒவ்வொரு முறையும் புதிய வரி சேர்க்கப்படும்: வேலை இலக்கம், பார்த்த நாள், முடிந்த அளவு, தாமதத்தின் காரணம், பதிந்தவர். “பாதி முடிந்தது” என்று எழுதாமல், அளந்து எத்தனை மீற்றர் என்று எழுத வேண்டும். திகதி மாறினால் புதிய திகதியும், மாற்றியவர் பெயரும் இங்கேதான் பதியப்படும். பழைய வரியில் எவரும் கை வைக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஆவணியில் முடிய வேண்டிய கட்டு வேலை ஐப்பசிக்குத் தள்ளப்பட்டால், அலுவலகத்துக்கு அது இரண்டு மாதத் தாமதம். கமக்காரருக்கோ, தேங்க வேண்டிய மழைநீர் ஓடிவிடும். காலபோகம் தளரும், சிறுபோகத்துக்குத் தண்ணீர் இராது. இந்த இழப்பு எங்கே தொடங்கியது என்பதை அழியாத வரிகள்தான் காட்டும். பணம் பிந்தியதா, இயந்திரம் வரவில்லையா, அனுமதி கிடைக்கவில்லையா என்று காரணங்களை வகைப்படுத்தினால், திரும்பத் திரும்ப வரும் தடையும் தெரியவரும்.

ஓர் எச்சரிக்கை. குடும்பங்களின் அடையாள அட்டை இலக்கமோ காணிப் பிணக்குகளோ இந்த அட்டவணைகளுக்குத் தேவையில்லை. பெயர்ப் பட்டியல் எவர் கைக்கும் போகலாம் என்பதை நீங்கள் பட்டறிந்தவர்கள்.

கணனி அலுவலகத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் அச்சுப்பிரதி உங்கள் சங்கக் கட்டடத்துச் சுவரில் தொங்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்: முதலில் சொன்ன திகதி எது? இப்போதைய திகதி எது? மாற்றியவர் யார், ஏன்?