ஜிம்னிக்குப் பெரிய டயர் போடலாமா?

மேடு, பள்ளம், கல், சேறு எதுவானாலும் ஏறி இறங்கும் வண்டி ஒன்று வேண்டும் என்ற ஆசை இன்று பல குடும்பங்களுக்கு வந்துவிட்டது. வண்டியும் வாங்கி ஆகிவிட்டது. ஆசை அதோடு நிற்கிறதா? இல்லை!

"டயர் சின்னதாக இருக்கிறது, அப்பா. பெரிய டயர் போட்டுவிடலாம்" என்கிறான் மகன்.

"வண்டியையும் இரண்டு அங்குலம் தூக்கிவிடலாம், சார்" என்கிறான் அவனுடைய நண்பன்.

"எதற்கு?" என்கிறாள் அம்மா.

அம்மா கேட்பதுதான் சரியான கேள்வி. டயர் கடைக்குப் போகும் முன்பு இதற்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும்.

மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். 5 கதவு கொண்ட இந்த வண்டி 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அன்று அதன் ஆரம்ப விலை 12 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய். உட்கார இடம் 4 பேருக்கு. அப்பா, அம்மா, மகன், பாட்டி என்று கணக்காக ஏறிக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்துக்கு மலை அடிவாரத்தில் ஒரு தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தார் ரோடு தோப்புக்கு 2 கிலோ மீட்டர் முன்பே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வண்டித்தடம். சக்கரம் ஓடி ஓடி இரு பக்கமும் பள்ளம். நடுவில் மேடு. மேட்டில் கல். போகும்போதெல்லாம் வண்டியின் அடிப்பாகம் 'கரக்' என்று கல்லில் உரசுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மகனுக்குப் பெரிய டயர் ஆசை வந்தது.

டயரில் உள்ள எண்

ஜிம்னியின் டயரில் 195/80 ஆர் 15 என்று எழுதி இருக்கும். இது ஏதோ ரகசிய எழுத்து அல்ல. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

195 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்பது, அந்த அகலத்தில் 100-க்கு 80 பங்கு டயரின் பக்கவாட்டு உயரம் என்று சொல்கிறது. அதாவது 156 மில்லி மீட்டர். 15 என்பது நடுவில் உள்ள ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அது 381 மில்லி மீட்டர்.

மேலே ஒரு 156, கீழே ஒரு 156, நடுவில் 381. கூட்டினால் 693. இதுதான் டயரின் முழு உயரம்.

கடைக்காரர்கள் இதற்குப் பதிலாகக் காட்டும் அளவுகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று 215/75 ஆர் 15. இன்னொன்று 235/75 ஆர் 15. முன் சொன்ன கணக்கைப் போட்டால், முதல் டயரின் உயரம் சுமார் 703. இரண்டாவது டயர் சுமார் 733.

ஆகா, 40 மில்லி மீட்டர் உயரம் கிடைத்துவிட்டதே என்று மகிழவேண்டாம். டயர் மேலும் வளர்கிறது, கீழும் வளர்கிறது. அச்சு உயர்வது பாதிதான். 235 டயரில் வண்டி உயர்வது 20 மில்லி மீட்டர். 215 டயரில் உயர்வது வெறும் 5 மில்லி மீட்டர். ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை!

வேட்டியை மடித்துக் கட்டினால்...

அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கலாமே? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு இரும்பு அச்சு உண்டு. அச்சில் குடம் போலப் புடைத்துத் தொங்குவது டிபரன்ஷியல். எஞ்சினின் ஓட்டத்தை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. நடு மேட்டில் உள்ள கல்லில் முதலில் இடிப்பது பெரும்பாலும் இந்தக் குடம்தான்.

நீளமான ஸ்பிரிங் போட்டால் அச்சுக்கு மேலே இருக்கும் உடல் உயரும். அச்சு, சக்கரத்தோடு சக்கரமாகத் தரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சேற்றைக் கடக்கும் மனிதர் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். வேட்டி உயர்ந்தது. கால் உயர்ந்ததா? குடத்தை உயர்த்துவது டயர் ஒன்றுதான்.

ஸ்பிரிங்கை உயர்த்துவது வீண் என்று சொல்லிவிட முடியாது. செங்குத்தான மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் மண்ணில் குத்தாது. மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டாது. பெரிய டயர் மேலும் கீழும் ஆட இடம் கிடைக்கும். பாறைமேல் ஏறி விளையாடுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவை. தோப்புக்குப் போகிறவர்களுக்கு?

அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. 2 அங்குலம் தூக்கினாலே, அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பி அதைச் சற்று ஒரு பக்கமாக இழுக்கும். முன் சக்கரத்தின் சாய்வு குறையும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் வேகம் குறையும். நேர் ரோட்டில் வண்டி அலையும். பிரேக் எண்ணெய்க் குழாய் எட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதைத் தாழ்த்தித் திருத்தவேண்டும்.

சந்நியாசியும் பூனையும்

235 டயருக்கு வருவோம். பார்க்க அழகுதான். ஆனால் ஜிம்னியின் ரிம் அகலம் ஐந்தரை அங்குலம். 235/75 டயருக்கு விதித்துள்ள ரிம் அகலம் 6 முதல் 8 அங்குலம் வரை. ஆகவே ரிம்மையும் மாற்றவேண்டும். அகல ரிம் போட்டால் டயர் வெளியே நீட்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பம்பரின் ஓரத்தில் உரசும். உரசாமல் இருக்க வண்டியைத் தூக்கவேண்டும். தூக்கினால் மேலே சொன்ன கம்பி, சாய்வு, குழாய் எல்லாவற்றையும் திருத்தவேண்டும்.

கோவணத்தை எலி கடிக்காமல் இருக்கச் சந்நியாசி பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டும் என்று மாடு வாங்கினார். பிறகு நடந்தது ஊர் அறிந்த கதை!

வேறு கணக்கும் இருக்கிறது. டயர் பெரிதானால் எஞ்சினின் இழுவை ரோட்டில் குறையும். முன்பு 100 கிலோ பலத்தோடு தள்ளிய சக்கரம், 235 டயரில் சுமார் 94 கிலோ பலத்தோடுதான் தள்ளும். பிரேக்கும் அப்படியே. அதே பலத்தோடு மிதித்தால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் குறையும். டயரின் கனம் வேறு கூடிவிட்டது. 1,500 சி.சி.க்கும் சற்றுக் குறைந்த எஞ்சினுக்கு இது தெரியவே செய்யும்.

முன்பு மீட்டர் 80 காட்டிய வேகத்தில் இப்போது 75½தான் காட்டும். ஓடிய தூரத்தையும் குறைத்துக் காட்டும். "டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது" என்று சிலர் புலம்புவார்கள். அதில் ஒரு பங்கு மீட்டர் சொல்லும் பொய்!

அகலம் கூடினால்தான் பலம் என்று நினைப்பதும் சரி அல்ல. 1941-ல் வந்த வில்லிஸ் ராணுவ ஜீப்பின் டயர் அகலம் 6 அங்குலம்தான். ஜிம்னி டயரைவிட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஒல்லி. அந்த ஒல்லி டயரோடுதான் அது பாலைவனத்திலும் சேற்றிலும் யுத்தம் முழுவதும் ஓடியது.

பாட்டி ஏறவேண்டும்

235 டயரும் 2 அங்குல ஸ்பிரிங்கும் சேர்ந்தால் வண்டியின் படி சுமார் 70 மில்லி மீட்டர் உயர்ந்துவிடும். ஏறக்குறைய 3 அங்குலம். முழங்கால் வலி உள்ள பாட்டி, புடவையோடு அதில் எப்படி ஏறுவார்? கடையில் நின்று டயரைத் தட்டிப் பார்க்கும்போது யாருக்கும் இது நினைவுக்கு வருவது இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் மலைப்பாதை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. ஜிம்னியின் இரண்டு பக்கத்துச் சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலம் சுமார் 1,400 மில்லி மீட்டர். வண்டியைத் தூக்கினால் இந்த அகலம் கூடுவது இல்லை. எடை மட்டும் மேலே போகிறது. பீடம் அகலாமல் தண்டு மட்டும் வளர்ந்த குத்துவிளக்கு போல!

கூரைமேல் மூட்டை முடிச்சையும் கட்டி, இறக்கத்தில் வேகமாக வந்து, வளைவில் சட்டென்று ஒடித்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது குடும்பம். வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணுக் கருவி ஜிம்னியில் இருக்கிறது. ஆனால் அதைக் கம்பெனி பழக்கி வைத்திருப்பது கம்பெனி போட்ட உயரத்துக்கும் கம்பெனி போட்ட டயருக்கும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது விதி. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆகவே, புதிய டயர் அளவைக் கம்பெனி ஒப்புக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஸ்பிரிங் மாற்றுவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்கவேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லவேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், பணம் கொடுக்க அவர்கள் மறுக்க இடம் உண்டு. "எல்லாரும்தான் போடுகிறார்கள்" என்று கடைக்காரர் சொல்லுவார். கோர்ட்டுக்கு அவரா வருவார்?

செலவு இல்லாத வழி

தோப்புத் தடத்தில் உரசும் வண்டிக்கு வழியே இல்லையா? இருக்கிறது.

நடு மேட்டை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டு ஓட்டுவதால்தான் குடம் உரசுகிறது. ஒரு பக்கத்துச் சக்கரத்தை மேட்டின்மேல் ஏற்றி, மறு பக்கத்துச் சக்கரத்தைத் தடத்தின் ஓரத்தில் விட்டு மெதுவாக ஓட்டினால், கல் குடத்துக்கு நேரே வராது. தடம் பக்கவாட்டில் அதிகம் சாய்ந்திருந்தால் மட்டும் இது ஆகாது. ஒருவர் இறங்கி, முன்னே நின்று கை காட்டவேண்டும். மலைத்தோட்டத்து ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இது பால பாடம்.

சொந்தத் தடம்தானே? கடப்பாரையால் அந்த நாலு கல்லைப் பெயர்த்துப் போட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. இதைச் சொன்னால் மகனுக்கு முகம் சுருங்கும்!

சேற்றுக்கும் மணலுக்கும் மருந்து காற்றில் இருக்கிறது. மணலில் டயரின் காற்றை 18 பவுண்டு அளவுக்குக் குறைத்தால் டயர் தட்டையாகிப் பரந்து நிற்கும். புதையாது. மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் பழையபடி காற்றை ஏற்றிவிடவேண்டும். வண்டியில் ஒரு சிறு பம்பும் காற்று அளக்கும் கருவியும் இருந்தால் போதும். கல் தடத்தில் மட்டும் காற்றைக் குறைத்தால், வண்டியும் தாழ்ந்துபோகும் என்பதை மறக்கக்கூடாது.

எந்த டயர் வாங்குவது?

பழைய டயர் தேய்ந்து, மாற்றியே தீரவேண்டும் என்ற நிலை வந்துவிட்டதா? அப்போது குடும்ப வண்டிக்கு ஏற்றது, அதே 195/80 அளவு, அல்லது கம்பெனி ஒப்புக்கொண்டால் 215/75. இந்த 215 டயரை ஐந்தரை அங்குல ரிம்மிலேயே மாட்டலாம். மீட்டர் பிசகுவதும் 100-க்கு ஒன்றரைதான். வண்டியைத் தூக்கும் வேலையே இல்லை.

அளவைவிட முக்கியம் டயரின் பல். வழவழப்பான ரோட்டு டயர் ஒரு வகை. கட்டி கட்டியாகப் பல் உள்ள சேற்று டயர் இன்னொரு வகை. இது சேற்றில் புலி. ஆனால் தார் ரோட்டில் இரையும். மழை நனைத்த ரோட்டில் பிடிப்பும் குறைவு. இரண்டுக்கும் நடுவே 'ஆல் டெரெய்ன்' என்ற வகை இருக்கிறது. 100 கிலோ மீட்டர் தார் ரோடு, 2 கிலோ மீட்டர் கல் தடம் என்று ஓடும் குடும்பத்துக்கு இதுதான் சரி. மகன் ஆசைப்பட்ட முரட்டுத் தோற்றமும் ஓரளவு இதில் கிடைத்துவிடும்.

வாங்கினால் ஐந்தும் வாங்கவேண்டும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் அதே அளவு இருக்கவேண்டும். நாலு சக்கர ஓட்டத்தைப் போடும்போது ஜிம்னியின் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. டயர் உயரம் மாறுபட்டால் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால், 2024-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்த டயர். புது டயர் என்று சொல்லிப் பழைய சரக்கைத் தள்ளினால் இந்த எண் காட்டிக்கொடுக்கும். பக்கத்திலேயே 96 எஸ் என்பது போல இன்னொரு குறி இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். புதிய டயரில் இந்த எண் 96-க்குக் குறையக்கூடாது.

மாட்டியதும் ஒரு பக்கத்து முன் சக்கரத்தை மரக்கட்டைமேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பி, எங்காவது உரசுகிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். 50 கிலோ மீட்டர் ஓடியபிறகு சக்கர நட்டுகளை ஒருமுறை முடுக்கிவிடவேண்டும்.