பண்டிகைச் செடிகளும் வீட்டுப் பூனையும்

டிசம்பர் குளிரில் சித்திரபுரம், பள்ளிவாசல், மூணாறு ஆகிய மலையூர்களில் பாயின்செட்டியா செடிகள் செக்கச்செவேலெனக் காட்சியளிக்கின்றன. கிறிஸ்துமஸ் குடிலின் அருகே அதன் தொட்டி வைக்கப்படுகிறது. மேசைமீது லில்லி மலர்க்கொத்து இடம்பெறுகிறது. இவற்றுள் பூனைக்கு ஆபத்தானது எது என்று கேட்டால், பலரும் பாயின்செட்டியாவையே சுட்டுவர். உண்மை அதற்கு நேர்மாறானது.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பாயின்செட்டியாவின் பால், பூனையின் வாயிலும் வயிற்றிலும் எரிச்சலை உண்டாக்கும். எச்சில் வடியலாம், வாந்தி வரலாம். உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது.

அஞ்ச வேண்டியது லில்லிக்கே

லில்லியின் இலை, இதழ், தண்டு, மகரந்தம் ஆகிய அனைத்தும் பூனைக்கு நஞ்சாகும். உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடி நீரைக் குடித்தாலும் போதும். ஓரிரு நாள்களில் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். நம் குளத்து அல்லி இவ்வகையைச் சேர்ந்ததன்று. பூனை வளர்க்கும் இல்லங்களில் லில்லியைத் தவிர்ப்பதே உறுதியான பாதுகாப்பு. உயரத்தில் வைப்பது பயன் தராது. பூனை ஏறாத உயரம் வீட்டில் ஏது?

பிற பண்டிகைகளில்

ஓணப் பூக்களத்திலும் பூசை மாலையிலும் இடம்பெறும் அரளி, இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்ப்பதை நிறுத்தியமை நினைவிருக்கலாம். கார்த்திகையில் பூக்கும் செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு மிகுந்துள்ளது. தோரணத்துக்கு வெட்டப்படும் ஈந்தின் இலையும் விதையும் கல்லீரலைக் கெடுக்கும். ஆகவே, விழா முடிந்ததும் வாடிய பூக்களையும் இலைகளையும் உடனே அகற்றி, மூடிய தொட்டியில் இடுவது நலம்.

நேரமே மருந்து

லில்லியை மென்ற பூனை முதல் சில மணி நேரத்தில் வாந்தியெடுக்கும். உணவை வெறுத்துச் சோர்ந்து படுக்கும். பின்னர் தேறிவிட்டதுபோல் தோன்றுவதும் உண்டு. அதை நம்பிக் காத்திருத்தல் கூடாது. சுமார் 18 மணி நேரத்துக்குள் நரம்புவழித் திரவச் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தாமதமானால் அவ்வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் மருத்துவரை அடையவே நெடுநேரம் செல்லக்கூடும். ஆகையால் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் புறப்பட வேண்டும். உடலில் மகரந்தம் ஒட்டியிருந்தால், நக்குவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது தீங்கானது. கடித்த செடியின் ஒரு கிளையையோ அதன் புகைப்படத்தையோ உடன் கொண்டுசென்றால், மருத்துவர் நஞ்சை விரைவில் இனங்காண இயலும்.

கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும், விடுமுறை நாளில் அணுகக்கூடிய மருத்துவரின் எண்ணையும் பண்டிகைக்கு முன்பே குறித்து வைத்துக்கொள்வோம். செடி வாங்கும்போது அதன் பெயரைக் கேட்டறிவோம். செலவில்லாத இவ்விரு முன்னேற்பாடுகளும் ஓர் உயிரைக் காக்க வல்லவை.