எள்ளலும் எச்சரிக்கையும்

சமூக ஊடகத்தில் ஒருவர் பிறருடைய பாலீர்ப்பைக் குறித்து நகைச்சுவை ஒன்றை எழுதுகிறார். அது விதிமீறல் என அவருக்கு எச்சரிக்கை வருகிறது. ‘வேடிக்கைக்காகத்தானே சொன்னேன்’ என்று அவர் முறையிடுகிறார். இம்முறையீடு எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பது விதிகளைப் பற்றிய வினா மட்டுமன்று. மொழியியல் வினாவும் ஆகும். அதனையே ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது எள்ளல். உரையாசிரியர் பேராசிரியர் இவ்வெள்ளலை இரண்டாகப் பகுக்கிறார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. ஆகவே நகையை மதிப்பிடச் சொல்லை மட்டும் நோக்கினால் போதாது. நகுவோர் எந்தப் பக்கம் நிற்கின்றார் என்பதையும் நோக்கவேண்டும்.

‘ஒன்பது’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது ஓர் எண்ணுப்பெயர். ஆயினும் திருநங்கையரையும் பெண்மைச் சாயலுடைய ஆடவரையும் இழித்துரைக்கப் பேச்சுவழக்கில் அது பயன்படுகிறது. பாலின அடையாளம் வேறு, பாலீர்ப்பு வேறு. வசைச்சொல்லோ அவ்வேறுபாட்டை அறிவதில்லை. சொற்பட்டியலைக் கொண்டு சலிக்கும் கணினிக்கு இவ்வெண்ணில் குற்றம் புலப்படாது. வகுப்பறையில் நாள்தோறும் அதனைக் கேட்கும் மாணவனுக்கோ அதன் பொருள் ஐயமின்றி விளங்கும். சொன்னவரின் நோக்கம் வேடிக்கையே என்பதால் அவனது நோவு குறைவதில்லை.

இதன் மறுதலையும் உண்டு. ஒரு குழுவினர் தமக்குள் வேறு பெயரிட்டு வழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்கிறது. இழிசொல்லால் அழைக்கப்பட்டோர் அச்சொல்லையே தமக்குள் உரிமையோடு வழங்கத் தொடங்கும்போது, அதுவும் ஏறத்தாழ அத்தன்மையைப் பெறுகிறது. அங்கே அச்சொல் வசையாக நிற்பதில்லை.

இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. பெண்மைச் சாயலுடைய ஆடவரை இழிக்கும் அரபுச் சொற்களை விளக்கி, அவற்றின் இழிவைப் போக்குவதே நோக்கம் என அறிவித்து, ஒருவர் இன்ஸ்டகிராமில் படங்களை வெளியிட்டார். வெறுப்புப் பேச்சு எனக் கருதி மெட்டா நிறுவனம் அவற்றை நீக்கியது. அவர் முறையிட்டதும் மீட்டது. மற்றொரு புகார் வரவே மீண்டும் நீக்கியது. பின்னரே நிலையாக மீட்டது. நீக்கியது பிழை என்று அந்நிறுவனத்தின் மேற்பார்வை வாரியம் 2022 ஜூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. இழிசொல்லை எடுத்துக்காட்டுவதும் இழித்துரைப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வழக்கு தெளிவாக்குகிறது.

நகைச்சுவை என்னும் வாதமும் முற்றிலும் பயனற்றதன்று. 2021 மே மாதத்தில் இதே வாரியம், ஆர்மீனிய இனப்படுகொலை தொடர்பான ஒரு கேலிப்படத்தை அங்கதம் என ஏற்று மீட்கச் செய்தது. பாலீர்ப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை; ஆயினும் தீர்ப்பின் அடிப்படை நமக்குப் பயன்படும். அப்படம் எள்ளியது துன்புற்ற மக்களையன்று. அப்படுகொலையை மறுக்கும் துருக்கிய அரசின் முரண்பட்ட வாதங்களை. அங்கதத்திற்கு விலக்கு உண்டு என்பதை நிறுவனம் பயனர்களுக்குத் தெரிவிக்காதிருந்ததையும் வாரியம் குறையாகச் சுட்டியது.

எனவே எச்சரிக்கையை மறுக்க விரும்புவோர் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்ளவேண்டும். எள்ளப்பட்டவர் யார்? அச்சொல்லை வழங்கியவர் அதனால் இழிக்கப்படும் குழுவைச் சார்ந்தவரா, புறத்தவரா? படிப்போர் அச்சூழலை அறிவாரா? மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்து புழங்கும் நம் நாடுகளில் மூன்றாம் வினா மிக முதன்மையானது. நண்பர் மூவர் நடுவே குழூஉக்குறியாக இருந்தது, பகிரப்பட்ட மறுகணமே புறத்தார் கண்ணில் வசையாகிவிடும்.

எச்சரிப்போர்க்கும் கடமை உண்டு. எச்சொல், எவ்விதி, எக்காரணம் என்று கூறாமல் விடுக்கும் எச்சரிக்கை எவரையும் திருத்தாது, மனக்கசப்பையே வளர்க்கும்.

விடைகளைத் தேடுகையில், தம் நகை பேராசிரியர் கூறும் முதல் வகையைச் சார்ந்தது எனத் தெரியவந்தால், முறையீட்டைக் கைவிட்டு வருத்தம் தெரிவிப்பதே முறை. விளையாட்டாயினும் இகழ்ச்சி துன்பம் தரும் என்னும் கருத்தை வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் வைத்துள்ளார். ஆசிரியர்கள் அக்குறளைக் கற்பிக்கும் நாளில், மாணவர் கைப்பேசியில் உலவும் நகைச்சுவை ஒன்றையும் உடன்வைத்து இம்மூன்று வினாக்களைக் கேட்கலாம். விடையை மாணவரே கூறுவர்.