கொசு எண்ணெய்: வாசம் எவ்வளவு நேரம் நிற்கும்?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் நாம் வீடு வீடாகக் கொடுத்த பையில் அரிசி, பாய், போர்வையோடு ஒரு சிறு பாட்டில் சிட்ரோனெல்லா எண்ணெயும் இருந்தது. "தடவி அரை மணி நேரம் ஆகல, திரும்பவும் கடிக்குது" என்று தாய்மார்கள் வந்து சொன்னார்கள். எண்ணெயில் கலப்படம் இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டோம். கோளாறு எண்ணெயில் இல்லை, நாம் விசாரிக்காமல் கொடுத்ததில்தான்.

கொசு நம் மூச்சுக்காற்றையும் வியர்வை வாடையையும் பிடித்துக்கொண்டு வருகிறது. சிட்ரோனெல்லா, எலுமிச்சைப்புல் போன்றவற்றின் எண்ணெய் ஆவியாகி அந்த வாடையைக் கொசு சரியாக அறியவிடாமல் செய்கிறது. ஆவியானால்தான் வேலை செய்யும், ஆவியாகிவிட்டால் தீர்ந்துபோகும். நம் ஊர் வெயிலும் கடற்காற்றும் அதை இன்னும் சீக்கிரம் கொண்டுபோய்விடும். 2002இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த சோதனையில், டீட் என்ற ரசாயனம் ஏறக்குறைய 24 சதவீதம் கலந்த மருந்து சராசரியாக ஐந்து மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லா வகைகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. மருந்தேற்றிய கைப்பட்டைகளால் பயனே இல்லை.

ஆக, வாசத்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விட ஏதாவது வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. கன்னோஜில் ரோஜாவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கித்தான் அத்தர் எடுக்கிறார்கள். சந்தனம் பிடித்துவைப்பதால்தான் காலையில் பூசியது மஃரிப் வரை மணக்கிறது. கொசு எண்ணெயில் வெனிலின் சேர்ப்பதும் இதற்காகவே. ஆய்வுக்கூடங்களில் இன்னும் ஒரு படி போய், எண்ணெயை நுண்துளிகளாக்கி ஒவ்வொரு துளிக்கும் ஜெலட்டின், கருவேலம் பிசின், கைட்டோசான் போன்றவற்றால் மெல்லிய தோல் போர்த்துகிறார்கள். அந்தத் தோல் வழியே எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. துணியிலும் இப்படி ஏற்றிப் பார்க்கிறார்கள். கைட்டோசான் எதிலிருந்து வருகிறது தெரியுமா? தூத்துக்குடி இறால் கம்பெனிகளில் உரித்துத் தள்ளுகிறார்களே, அந்த ஓட்டிலிருந்துதான்! கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது.

தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து தடவினால் இரவு முழுக்கக் காப்பதாக 1993இல் தில்லி ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது மலேரியா கொசுவை வைத்துச் சொன்னது. பகலில் கடிக்கும் டெங்கு கொசுவுக்கு அதை அப்படியே நம்பிவிட முடியாது.

கடையில் 'மூலிகை' என்று எழுதியிருந்தாலே பிள்ளைக்கு ஆகும் என்று எண்ண வேண்டாம். கலக்காத எண்ணெயைக் கைக்குழந்தை மேல் பூசக்கூடாது. கற்பூரமும் நீலகிரித் தைலமும் வாய்க்குள் போனால் வலிப்பு வரும். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். எண்ணெய் தடவுகிற பெரியவர்கள், அஸருக்குப் பின் வாசலில் உட்காரும்போது அரை மணிக்கு ஒருமுறை மறுபடி தடவிக்கொள்ள வேண்டும்.

இந்த மழைக்குப் பையில் எண்ணெய் கிடையாது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் கொசுவலை கொடுக்கிறோம். பகல் தூக்கத்துக்கும் அதைக் கட்டுங்கள். வலை வாங்க வரும்முன் பிரிட்ஜின் பின்தட்டையும் முற்றத்து ஆட்டுரலையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.